ஒரு கோழிக்கு ஒரே ஈரல்

மார்டள்ளியை எந்தக் கணக்கில் வைப்பது என்று அரசாங்கமே அடிக்கடி மனதை மாற்றிக்கொண்டது. அந்த ஊர் அடங்கியிருந்த கொள்ளேகால் தாலுகா 1956 வரை கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மொழிவாரி மாநிலம் வந்ததும் மைசூரோடு போனது. 1997-ல் சாமராஜநகர் தனி மாவட்டமானதும் அதற்குள் வந்தது. கத்தோலிக்கத் தமிழர்கள் நிறைந்த ஊராதலால், மறைமாவட்டக் கணக்கில் மட்டும் இன்னும் மைசூர்தான். வெளியூர்க்காரருக்கு இதெல்லாம் எதற்கு, வீரப்பன் காட்டுப் பக்கம் என்றால் உடனே தலையாட்டுவார். இவ்வளவு மாற்றத்திலும் அடுப்பு இடம் மாறவில்லை. பெங்களூரில் வாடகை அறையில் இருக்கும் மார்டள்ளிக்காரருக்கு மாதக் கடைசியில் ஊர் ஞாபகம் வந்தால், பஸ்ஸுக்குக் காசு தேடுவதைவிடக் கால் கிலோ கோழி ஈரல் வாங்கி வறுப்பது உத்தமம். மலிவு என்பதற்காகச் சொல்லவில்லை. கோழியின் உடம்பிலேயே வீட்டை விட்டு வெளியே போய்ப் பிழைக்கத் தெரியாதது ஈரல் ஒன்றுதான் என்பது என் கட்சி.

தொடைக்கறி ஹோட்டலுக்குப் போய், சிக்கன் 65 என்ற பெயரில் பெரிய மனிதராகிவிட்டது. ஈரலால் அது முடியாது. ஹோட்டல்காரர் காலையில் பாதி வேக வைத்து, ஆர்டர் வந்ததும் சூடாக்கித் தருவார். தொடைக்கறி அதற்கு ஒத்துழைக்கும். ஈரலை இரண்டாம் முறை சூடாக்கினால் சுண்ணாம்புக் கட்டியாகிவிடும். ஆகவே பக்கத்திலேயே நிற்க ஓர் ஆள் வேண்டும். பித்தப்பை பட்டுப் பச்சையான இடத்தைக் கிள்ளி எறிய வேண்டும், இல்லாவிட்டால் சட்டி முழுக்கக் கசப்பு. மஞ்சள் போட்டுக் கழுவி, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயமும் பூண்டும் கறிவேப்பிலையும் வதங்கிய பிறகு போட்டால், முதலில் தண்ணீர் விடும். அது வற்றி, கிள்ளிப் பார்த்தால் உள்ளே சிவப்பு தெரியாத நேரத்தில், தட்டிய மிளகைத் தூவி இறக்க வேண்டும். முந்தினால் வயிற்றுக்குக் கேடு, பிந்தினால் பல்லுக்கு. இடையில் போன் வந்தால் எடுக்கக் கூடாது. களிக்கு இதைவிடப் பொருத்தமான கூட்டாளி கிடையாது.

இன்னொரு சான்று கணக்கு. ஒரு கோழிக்கு ஒரே ஈரல். ஐம்பது கிராம் தேறினால் அதிகம். நாட்டுக்கோழி அடித்த வீட்டில் எட்டுப் பேர் என்றால் அந்தத் துண்டுக்கு எட்டு மனு. காய்ச்சலில் எழுந்தவர், பிள்ளைத்தாய்ச்சி, கடைக்குட்டி என்று வரிசை உண்டு; கரண்டி பிடித்த பாட்டியின் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. பிராய்லர் வந்ததும் கதை கவிழ்ந்தது. நூறு கோழி அறுக்கும் கடையில் நூறு ஈரல் சேருகிறது. நெஞ்சுக்கறி கேட்டு வருகிறவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஊர் ருசி என்று நாம் உருகுவதில் பாதி, அன்று தட்டுக்கு வராமல் போன துண்டின் மேல் உள்ள ஆத்திரம்.

ஈரல் விஷத்தின் கிடங்கு என்பார்கள். அது விஷத்தை மாற்றி வெளியே அனுப்பும் இடம். சேர்த்து வைப்பது இரும்புச் சத்தையும் வைட்டமின் ஏ-யையும். நூறு கிராம் பச்சை ஈரலில் சுமார் 9 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. கொலஸ்ட்ரால்? அதே நூறு கிராமில் ஏறக்குறைய இரண்டு முட்டை அளவு, ஆகவே தினமும் ஆகாது. வைட்டமின் ஏ அளவு மீறும் என்று கர்ப்பிணிகளுக்கு ஈரலே வேண்டாம் என்கிறது பிரிட்டனின் மருத்துவ அறிவுரை. பாட்டியின் வரிசையில் இந்த இடத்தை நான் விட்டுக்கொடுக்கிறேன், அவள் கொடுத்தது ஒரே துண்டுதான் என்றாலும். தவக்காலத்தில் மலிவு என்று சலுகை கேட்கவும் முடியாது, அதுவும் கறிதான்.

நான் உண்மையில் பயப்படும் ஆட்சேபம், சைவருக்கு மட்டும் வீடு விடுகிற பெங்களூர் வீட்டுக்காரருடையது. வாசனைக்கு வாதம் கிடையாது. மிளகை இன்னும் ஒரு பிடி கூட்டிப் போட்டு, சளிக்குக் கஷாயம் வைக்கிறேன் என்று சொல்லிப் பார்க்கலாம். அவரும் ஒரு தம்ளர் கேட்காதவரை தப்பித்தோம்.