துளசிக்கு ஒரு சர்வர்

யானைக்கவுனியில் மொட்டைமாடித் துளசிக்குத் தாகமா என்று அறிய, நண்பர் வீட்டில் இரவு பகலாக ஒரு சர்வர் ஓடுகிறது. 2012இல் வந்த ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியின் வாரிசு. பரணில், ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில், குட்டி ஃபேனோடு. ரிச்சி தெருவில் வாங்கிய இருகால் சென்சார் தொட்டி மண்ணில் நிற்கிறது. ஈரமண்ணில் ஓயாமல் மின்சாரம் பாய்ந்தால் அதன் உலோகப்பூச்சு அரித்துப்போகும். அதாவது, செடி வாடுமுன் சென்சார் வாடிவிடும். பிறகு செல்போனுக்கு வரும் ‘மண் வறட்சி’ எச்சரிக்கை சித்திரை வெயிலிலும் ஐப்பசி அடைமழையிலும் ஒன்றேதான்.

செடியின் வளர்ச்சியை அளக்க கிரெஸ்கோகிராஃப் கருவி செய்த ஜெகதீஷ் சந்திர போஸ், 1917இல் கல்கத்தாவில் ஆய்வு நிறுவனமே தொடங்கினார். நம்மவருக்கோ வைஃபை மாடிப்படி ஏறவில்லை, அதற்கொரு ரூட்டர். கரண்ட் போனால்? அதற்கொரு யுபிஎஸ். பக்கத்து வால்டாக்ஸ் சாலை, வெள்ளைக்காரன் வசூலிக்க முடியாமல் போன சுவர் வரியின் பெயரைச் சுமக்கிறது. இந்தத் துளசி வரியோ, மின்கட்டணமாக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வசூலாகிறது.

துளசி செழிப்பாகத்தான் இருக்கிறது. நண்பரின் அம்மா தினமும் காலையில் குளித்ததும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுகிறார். சர்வரின் பதிவில் அந்தச் செம்பு இல்லை.