மின்னிசைக் குழுவியல்: பாயிரமும் நான்கு இயலும் புறனடையும்

பாயிரம்

பாயிரம் இல்லாத நூலை நூலென்று ஒப்பமாட்டார்கள் நம் இலக்கணக்காரர்கள். அதில் எட்டுச் சேதி சொல்லியாக வேண்டும் என்பது நன்னூல் கணக்கு. சொல்லிவிடுவோம்.

ஆக்கியோன்: இரண்டு விரலால் கீபோர்டு பழகி, மூன்றாவது விரல் வருவதற்குள் வகுப்பை விட்டவன். வழி: முதல்நூல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இருக்கிறது, இது வழிநூல். எல்லை: வடக்கே திண்டிவனம், மேற்கே விழுப்புரம், கிழக்கே ஆரோவில், குறுக்கே சங்கராபரணி ஆறு. நூற்பெயர்: மேலே காண்க. யாப்பு: தொகுத்தும் விரித்தும், அலுப்புத் தட்டிய இடத்தில் விட்டும் செய்தது. நுதலிய பொருள்: சின்தசைசரையும் தாளப்பெட்டியையும் நம்பி, எவர் தயவும் இல்லாமல் கிளம்பும் பாட்டுக் குழுக்களின் பிறப்பும் இனமும். கேட்போர்: ஆடி மாதக் கச்சேரியில் பிளாஸ்டிக் நாற்காலி கிடைக்காமல் நின்றபடி கேட்பவர்கள். பயன்: புறனடையில் வரும், அதுவரை பொறுத்தருள்க.

திருவக்கரையில் உட்கார்ந்து இதை எழுதக் காரணம், இங்கே இருக்கும் கல்மரப் பூங்கா. ஏறக்குறைய இரண்டு கோடி ஆண்டுக்கு முந்தைய மரங்கள். வெள்ளம் உருட்டி வந்து மணலில் புதைத்ததில் வேரும் கிளையும் வழியிலேயே போய்விட்டன. மிச்சமிருந்த அடிமரத்துக்குள் நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா ஊறி, நுண்ணறை நுண்ணறையாக இடம் பிடித்துக்கொண்டது. இன்று பார்த்தால் ரேகை இருக்கிறது, முடிச்சுக்கூட இருக்கிறது. தட்டினால் கல். காளி கையில் மாண்ட அசுரர்களின் எலும்பு என்பது ஊர்க்கதை. புவியியல் ஆய்வாளர்கள் மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்து, இது மா குடும்பம், இது புளிக் குடும்பம் என்று சாதிச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள்.

உயிர்களை ஆறு அறிவாக வகுத்த தொல்காப்பியர் மரத்தை முதல் வகுப்பில் சேர்த்தார். கல்லைப் பள்ளியிலேயே சேர்க்கவில்லை. அப்படியானால் கல்மரம் எங்கே உட்காரும்? இதே சங்கடம்தான் மின்னிசைக்கும். ஆகவே இந்நூல்.

முதல் இயல்: கருவி

தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி, மிடற்றுக்கருவி என ஐந்து வீடு கட்டி வைத்திருந்தது நம் மரபு. 1914இல் ஹார்ன்போஸ்டலும் சாக்ஸும் உலகத்துக் கருவிகளையெல்லாம் நாலாகப் பிரித்துக் கதவைச் சாத்தினார்கள். மின்சாரம் வந்து தட்டியது. 1940இல் சாக்ஸ் மட்டும் எழுந்துபோய் ஐந்தாவதாக ஓர் அறை கட்டிக்கொடுத்தார். நம் வீட்டில் அது ஆறாவது அறை: மின்கருவி.

அதன் இலக்கணம் யாதெனின், தோலில்லாமல் தவிலடிப்பதும், துளையில்லாமல் குழலூதுவதும், கரண்ட் போனால் இரண்டும் சேர்ந்து ஊமையாவதும் ஆம்.

அது மூவகைப்படும்.

தற்குரல் கருவி: தானே அலையை எழுப்பி, வடிகட்டி, வேண்டிய மட்டும் செதுக்கிக்கொள்வது. 1964இல் ராபர்ட் மூக் அமெரிக்காவில் செய்தது இந்த இனம். இதன் குரல் எதைப் போலவும் இராது.

கடன்குரல் கருவி: நிஜ வாத்தியத்தின் ஒலித் துணுக்கைப் பதிந்து வைத்துக்கொண்டு, கட்டையைத் தொட்டால் எடுத்து நீட்டுவது. இதுதான் கல்மரத்தின் நேர்ச் சித்தப்பா மகன். ரேகையெல்லாம் அப்படியே இருக்கும். மூச்சு மட்டும் இராது.

கச்சேரிக் கருவி: முன்னிரண்டும் கலந்தது. எக்ஸ் வடிவ ஸ்டாண்டில் நிற்கும். மேலே வெள்ளைத் துண்டு. துண்டின் மேல் வியர்வை. திண்டிவனம் வட்டாரத்தில் மிகுதியாகக் காணப்படுவது.

இரண்டாம் இயல்: எண்

நாம் ஏதோ பெரிதாகப் பகுக்கிறோம் என்று இறுமாந்திருந்தபோது, நமக்கு முன்பே ஒருவர் பகுத்துவிட்டார் என்று தெரியவந்தது. 1983இல் கருவிக் கம்பெனிகள் கூடி, ஒரு கருவி இன்னொன்றோடு பேச மிடி என்ற பொதுமொழியை உண்டாக்கின. 1991இல் அதற்கு ஓர் அகராதியும் போட்டார்கள். ஜெனரல் மிடி என்று பெயர். உலக ஓசைகளை எல்லாம் 16 குடும்பமாகவும், குடும்பத்துக்கு எட்டுப் பிள்ளையாகவும் பிரித்து, 128 எண் கொடுத்தார்கள். எந்தக் கம்பெனிக் கருவியானாலும் 1 என்றால் பியானோ.

இதைக் கையில் எடுத்ததும், மக்கள்தொகைக் கணக்கில் தன் பெயரைத் தேடுகிறவனைப்போல நம்மவர்களைத் தேடினேன். 105 முதல் 112 வரை ‘இனவகை’ என்ற ஒரு குடும்பம். ஐரோப்பா தவிர்த்த பூமியைப் பெரும்பாலும் இந்த எட்டுப் பேருக்குள் அடைத்திருக்கிறார்கள். அதிலும் ஸ்காட்லாந்துக்காரரின் பைக்குழல் வந்து ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டது. 105 சிதார். 112 ஷெனாய். அவ்வளவுதான் இந்தியா. வீணை இல்லை. தவில் இல்லை. பறை இல்லை. நாதஸ்வரம் இல்லை.

இடநெருக்கடி என்று சமாதானம் சொல்வார் உளர். அவர்கள் கடைசிக் குடும்பத்தைப் பார்க்க வேண்டும். 123 கடலோசை. 124 குருவி. 125 டெலிபோன் மணி. 126 ஹெலிகாப்டர். 127 கைதட்டல். 128 துப்பாக்கி வெடி. ஹெலிகாப்டருக்குக் கிடைத்த பட்டா நாதஸ்வரத்துக்குக் கிடைக்கவில்லை. 127ஆல் ஒரு நன்மை உண்டு: கூட்டம் தட்டாவிட்டால் குழு தானே தட்டிக்கொள்ளலாம்.

ஆகவே திருவிழா மேடையில் அம்மன் வருகைக்கு நாதஸ்வரம் வேண்டுமென்றால், நம் கீபோர்டுக்காரர் 112ஐத் தட்டுகிறார். காசிக்காரரைக் கூப்பிட்டுத் தஞ்சாவூர் வேலை வாங்குவது என்க. இதை இங்கே நினைவில் வைக்க, பின்னர் வேண்டியிருக்கும்.

மூன்றாம் இயல்: உயிர்

இனிக் குழுக்கள். இவையும் ஆறு அறிவினவாம்.

ஓரறிவுக் குழு: தொடுதல் மட்டும் அறிந்தது. பொத்தானைத் தொட்டால் டிஸ்கோ, அடுத்ததைத் தொட்டால் வால்ட்ஸ். இழிவாக எண்ணற்க. 1982இல் ட்ரியோ என்ற ஜெர்மன் குழு கால்குலேட்டரும் சேர்ந்த கேசியோ விஎல்-1 என்ற பொம்மைக் கீபோர்டின் ஆயத்தத் தாளத்தை வைத்தே ஐரோப்பாவைத் தலையாட்ட வைத்தது.

ஈரறிவுக் குழு: தொடுதலோடு வழுக்குதலும் அறிந்தது. இதற்கு ஒரே ஒருவர் சாட்சி போதும். பம்பாய் சினிமாப் பதிவுகளில் வாசித்துவந்த சரண்ஜித் சிங், ரோலண்ட் கம்பெனியின் டிஆர்-808 தாளப்பெட்டி, டிபி-303 பேஸ் பெட்டி, ஜூபிடர்-8 சின்தசைசர் மூன்றையும் ஒன்றாகப் பிணைத்து, 1982இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து இசைத்தட்டு வெளியிட்டார். கிடாருக்குத் துணையாகப் பேஸ் வாசிக்கச் செய்யப்பட்ட 303, அந்த வேலையில் தோற்றுப்போன பெட்டி. ஆனால் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு இழுத்துப்போகும் வசதி அதில் இருந்தது. ராகம் தெரிந்தவர் கையில் அது கிடைத்தால் சும்மா விடுவாரா? தட்டு விற்கவில்லை. அதே பெட்டியை வைத்து சிகாகோ இளைஞர்கள் 1987இல் செய்தது ஆசிட் ஹவுஸ் என்று உலகப்புகழ் பெற்றது. 2010இல் சிங்கின் தட்டு மறுபதிப்பான பிறகுதான், ‘இந்த மனிதர் ஐந்து வருஷம் முந்திக்கொண்டாரே’ என்று வாய்பிளந்தார்கள்.

மூவறிவுக் குழு: இயந்திரத்தை இயந்திரத்தோடு பேசவிடுவது. தமிழில் இது கோடம்பாக்கத்தில் பிறந்தது. 1986இல் வந்த புன்னகை மன்னன் படத்துக்கு இளையராஜா சீக்வென்சர் என்ற சுரவரிசை இயந்திரத்தைப் பயன்படுத்தியபோது, அவரிடம் கீபோர்டு வாசித்த திலீப் என்ற இளைஞர்தான் 1992இல் ரோஜாவோடு ஏ.ஆர். ரகுமானாக வந்தார். தமிழ்நாட்டில் தனிக் குழு ஏன் முளைக்கவில்லை என்பதற்கு விடை இங்கேயே இருக்கிறது. இறக்குமதி வரி கட்டிப் பெரிய சின்தசைசர் வாங்க சினிமாவால்தான் முடிந்தது. ஊருக்கு வந்ததெல்லாம் சிங்கப்பூர் மாமா சென்ட் பாட்டிலோடு கொண்டுவந்த சின்னக் கேசியோ.

நாலறிவுக் குழு: கணக்கு அறிந்தது, அதாவது தன் தட்டைத் தானோ தன்னைப்போல் ஒருவனோ வெளியிடுவது. லண்டனுக்குப் பக்கத்தில் பாசில்டன் என்று ஓர் ஊர். சென்னைக்குத் திண்டிவனம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம், ரயிலேறினால் போய்விடலாம், ஆனால் அது இது ஆகாது. அங்கே 1980இல் நாலு பையன்கள் டெபெஷ் மோட் என்று குழு அமைத்தார்கள். அந்த ஊரில் கிடார் குழு நடத்த டிரம்ஸ், ஆம்ப்ளிஃபயர், வேன் எல்லாம் வேண்டும். சின்தசைசரோ கக்கத்தில் இடுக்கி ரயிலில் கொண்டுபோகலாம். டேனியல் மில்லர் என்பவர் தன் சொந்தப் பாட்டை வெளியிட 1978இல் தொடங்கிய மியூட் என்ற ஒற்றை ஆள் கம்பெனி, இவர்களின் முதல் தொகுப்பை 1981இல் கொண்டுவந்தது. ஒப்பந்தப் பத்திரம் இல்லை, கைகுலுக்கல்தான். அங்கே சின்தசைசர் பையன்களுக்கு எட்டும் விலையில் கிடைத்தது, குழு பிறந்தது. இங்கே முதலாளிக்கு மட்டும் எட்டியது, படப்பாட்டு பிறந்தது. வேறு மர்மம் ஒன்றுமில்லை.

ஐயறிவுக் குழு: இடம் அறிந்தது. டுசல்டார்ஃப் நகரத்தில் கிராஃப்ட்வெர்க் குழுவினர் சொந்த ஒலிக்கூடம் வைத்துக்கொண்டு, தங்கள் ஊர் நெடுஞ்சாலையையே 1974இல் இருபது நிமிஷத்துக்கு மேல் பாட்டாக ஓட்டினார்கள். பிறகு மேடையில் தங்களுக்குப் பதிலாக பொம்மைகளை நிறுத்தினார்கள். கல்மரமாக விரும்பி ஆனவர்கள் இவர்கள் மட்டுமே.

ஆறறிவுக் குழு: மனம் உடையது. லண்டனில் 1975இல் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், சென்னையில் கொஞ்ச காலம் தங்கி, 1986இல் அகதியாக லண்டன் திரும்பிய மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் ஒரு கடன் பெட்டியோடு தொடங்கினார். எலாஸ்டிகா குழுவின் பாடகி கொடுத்த ரோலண்ட் எம்சி-505 அது. 2005இல் அப்பா பெயரில் ‘அருளர்’, 2007இல் அம்மா பெயரில் ‘கலா’. இரண்டாவதில் சென்னை உறுமி மேளம் உறுமுகிறது. எந்தப் பட்டியலிலும் எண் இல்லாத கருவி. மைக் வைத்துத்தான் பிடிக்க முடியும். அந்தத் தொகுப்பிலிருந்து அமெரிக்கப் பட்டியலில் நாலாம் இடம் வரை ஏறிய பாட்டின் பல்லவியில் துப்பாக்கி வெடிக்கிறது. மிடி அகராதிக்கு அது கடைசிப் பிள்ளையின் விளையாட்டுச் சாமான். போரிலிருந்து வந்தவர் பாட்டில் அதே சத்தத்துக்கு வேறு பொருள்.

நான்காம் இயல்: தடை விடை

அற்றேல், எம்.ஐ.ஏ. ஒருவர்தானே, குழு ஆவது எங்ஙனம் எனின்: பெட்டியையும் சேர்த்து எண்ணுக. மின்னிசையில் இயந்திரத்துக்கும் பங்குத்தொகை தவிர மற்ற உரிமையெல்லாம் உண்டு.

மூவறிவினர் சினிமாக்காரர், அவரைச் சுயாதீனம் பேசும் நூலில் சேர்த்தது என்னை எனின்: சுயாதீனர் என்று சேர்த்திலம். மரத்துக்குள் புகுந்த சிலிக்காவைச் சொல்லாமல் கல்மரத்தைச் சொல்ல முடியாதாகலின், சொன்னோம்.

சுயாதீனம் என்பதுதான் என்ன, சொந்தக் காசா எனின்: அன்று. கடன் பெட்டியில் தொடங்கினார் ஒருவர், சினிமாவில் வாசித்துக்கொண்டே தட்டுப் போட்டார் ஒருவர். கொடுத்த 128க்குள் தனக்கு வேண்டிய ஓசை இல்லை என்று ஒருவன் கண்டுபிடிக்கும் நாளே அவன் குழு பிறந்த நாள். 129ஆம் எண்ணைத் தேடுவது சுயாதீனம் என்க.

அந்த 129 எங்கே இருக்கிறது எனின்: ஆசிரியனுக்கும் இவ்விடத்தில் பேனா நின்றுவிட்டது. போய்க் கேட்டுவருவோம் என்று ஓர் ஆடி வெள்ளிக்குப் பக்கத்து ஊர்க் கச்சேரிக்குப் போனான்.

புறனடை

மேடைக்குப் பக்கவாட்டில், ஜெனரேட்டர் புகை வரும் திசையில் இடம் கிடைத்தது. கீபோர்டு அண்ணனுக்கு ஐம்பது வயதிருக்கும். அம்மன் பாட்டு தொடங்குமுன் எண் பலகையில் 1, 1, 2 என்று தட்டினார். ஷெனாய்தான். ஆனால் வந்தது ஷெனாய் இல்லை. பின்வரிசைக் கிழவி ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வலது கையைப் பார்த்தேன், சாதாரணமாகத்தான் வாசித்தது. விஷயம் இடது கையில் இருந்தது. கீபோர்டின் இடது ஓரத்தில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். உருட்டினால் சுரம் மேலோ கீழோ வளையும், விட்டால் தானே நடுவுக்குத் திரும்பும். அண்ணனின் கட்டைவிரல் அதைவிட்டு எடுக்கவே இல்லை. ஒவ்வொரு சுரத்துக்குள்ளும் கொஞ்சம் கீழிருந்து ஏறி, போகிறபோது ஓர் அசைப்பு, அடுத்ததை எட்டுவதற்குமுன் ஒரு தயக்கம். சக்கரத்தின் ரப்பர் அந்தக் கட்டைவிரல் பட்ட இடத்தில் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது.

பாட்டு முடிந்ததும் கேட்டேன்: “அண்ணே, இது எந்த டோன்?”

“நூத்திப் பன்னெண்டு, தம்பி.”

“அதுல நாதஸ்வரம் வராதே?”

“நேரா வாசிச்சா வராது.”

திருவக்கரைக் கோயிலில் ராஜகோபுரம், கொடிமரம், நந்தி, மூலவர் எல்லாம் ஒரே நேர்கோட்டில் அமையாமல் சற்று விலகியே இருக்கும். காளிக்கு வக்கிரகாளி என்று பெயர். வக்கிரம் என்றால் வளைவு. சங்கீதத்திலும் நேரே ஏறாமல் வளைந்து ஏறும் ராகத்தை வக்கிர ராகம் என்றே சொல்வார்கள். பம்பாயில் 303 பெட்டியை இழுத்தவரும், இங்கே சக்கரத்தை வளைப்பவரும் ஒரே கோத்திரம் என்று அப்போதுதான் பட்டது. இருவரையும் இரண்டு வேறு இயலில் உட்கார வைத்திருந்தேன்.

நோட்டில் 129 என்று எழுதி, எதிரே என்ன எழுதுவது என்று தெரியாமல் நின்றேன். பெயர் வைத்தால் அதுவும் ஓர் எண்ணாகிவிடும். வைக்காவிட்டால் நூல் முடியாது. பயன் என்ன என்று பாயிரத்தில் கேட்டவர்களுக்குக் காட்ட அந்த வெற்றிடம்தான் இருக்கிறது. யோசனையில் ஓர் அடி முன்னால் வைத்திருப்பேன் போல.

“தம்பி, ஒயரை மிதிக்காம தள்ளி நில்லுங்க. அடுத்த பாட்டு ஆரம்பிக்கணும்.”