சோபாவும் பெஞ்சும்

கேள்வி: மனோதத்துவம் படித்த என் மகன், சமுதாய மனோதத்துவத்தையே ஜீவனோபாயமாகக் கொள்ளப் போகிறேன் என்கிறான். அதில் சோபா உண்டா? சம்பாத்தியம் உண்டா?

பதில்: சோபா கிடையாது, பெஞ்சு உண்டு. தனிமனிதனைத் தனியறையில் சாய்த்துவைத்து அவனுடைய பால்யத்தைத் துருவினால் மட்டும் போதாது, அவனை வாட்டுகிற வறுமையின் பக்கமும் சாஸ்திரம் தன் திருமுகத்தைத் திருப்பவேண்டும் என்று, 1965-ல் அமெரிக்காவின் ஸ்வாம்ஸ்காட் என்ற கடற்கரை ஊரில் கூடிய நிபுணர்கள் எண்ணியதிலிருந்துதான் இத்துறை தனிப் பெயருடன் நடமாடத் தொடங்கிற்று.

பெஞ்சைக் காண ஜிம்பாப்வேக்குப் போகவேண்டும். ஹராரே நகரத்து ம்பாரே பகுதியில், 2006-ல், இடமோ சிப்பந்திகளோ இல்லாமல் திண்டாடிய டிக்ஸன் சிபாண்டா என்னும் மனநோய் வைத்தியர், 14 பாட்டிமார்களுக்குப் பயிற்சியளித்து, வருவோரின் துயரத்தைக் கேட்டு வழிசொல்லும்படி வெட்டவெளியில் பெஞ்சு போட்டு அமர்த்தினார். 573 பேரைக்கொண்டு செய்து 2016-ல் வெளியிட்ட ஆராய்ச்சியோ, ஆறு மாதத்துக்குப்பின், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடப் பெஞ்சுக்கு வந்தவர்களுக்கே மனச்சோர்வு குறைந்திருந்ததென்று ருசுப்படுத்திற்று. பாட்டியிடம் சொன்னால் பாரம் குறையும் என்பதற்கு விஞ்ஞானத்தின் முத்திரை விழ அத்தனை வருஷம் பிடித்தது!

சம்பாத்தியமா? சர்வகலாசாலைகளிலும் சுகாதாரத் திட்டங்களிலும் தர்ம ஸ்தாபனங்களிலும் உத்தியோகம் உண்டு. பங்களா அநேகமாக வராது. புள்ளிவிவரத்தில் பயிற்சியும், பேச நா துறுதுறுக்கும்போது வாயை மூடிக்கொள்ளும் அபூர்வ சக்தியும் வேண்டும். முன்னதைக் கலாசாலை கற்பிக்கும். பின்னது உங்கள் மகனிடம் இருக்கிறதா என்றறிய, தினம் அரைமணி நேரம் அவனைத் தன் பாட்டியின் எதிரே உட்காரச் சொல்லுங்கள். மனுப்போடுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.