யார்கிட்டயும் சொல்லிடாதீங்க

எங்கள் குடியிருப்பின் மூன்றாவது மாடிக்காரர் ஒரு வங்கியில் 32 வருடம் காசோலைக் கையெழுத்தை ஒத்துப் பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது அதே வேலையைப் பறவைகளிடம் செய்துகொண்டிருக்கிறார். பெயர் வேண்டாம். உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார்; பால் வாங்கப் போகும்போதுகூடக் கழுத்தில் பைனாகுலர் தொங்கும்.

இந்த ரகத்தாருக்குப் பிரபலமான இடம் என்றாலே ஆகாது. "வேடந்தாங்கலா? அது பொருட்காட்சி சார்" என்பார். 1798லேயே கலெக்டரிடம் எழுதி வாங்கி ஊர்க்காரர்கள் பறவைகளைக் காப்பாற்றிய ஏரியாயிற்றே என்று சொல்லிப் பார்த்தேன். "அதைத்தான் நானும் சொல்றேன். அப்போலேர்ந்து கூட்டம்!"

பிறகு ஒருநாள், லிஃப்ட் கதவு மூடியதும், குரலைத் தாழ்த்தினார். "கரிக்கிலின்னு ஒரு ஏரி. வேடந்தாங்கலுக்குப் பக்கத்துலதான். ஒருத்தனுக்கும் தெரியாது. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

நான் சொல்லவில்லை. சொல்வதற்கு ஆளும் இல்லை. வாட்ச்மேன், இஸ்திரிக்காரர், சங்கச் செயலாளர் என்று எல்லாருக்கும் அவரே ஏற்கெனவே சொல்லி, எல்லாரிடமும் சத்தியமும் வாங்கியிருந்தார். 1989லேயே அரசாங்கம் அதைச் சரணாலயமாக அறிவித்துவிட்டது என்பதை மட்டும் யாரும் அவருக்கு நினைவுபடுத்தக் கூடாது. 2022ல் பள்ளிக்கரணை, பிச்சாவரத்தோடு கரிக்கிலியும் ராம்சார் என்னும் உலக ஈரநிலப் பட்டியலில் ஏறியபோது, பெண்ணைக் கட்டிக்கொடுத்த அப்பா மாதிரி பெருமையும் துக்கமுமாக இரண்டு நாள் திரிந்தார்.

தை மாதத்து ஞாயிறு ஒன்றில் என்னையும் கூட்டிப்போனார். விடியற்காலை 4 மணிக்கு என் நீலச் சட்டையைப் பார்த்துவிட்டு, "பறவை பயந்துடும், மாத்திட்டு வாங்க" என்றார். படாளம் கூட்டுரோட்டில் டீ. வேடந்தாங்கல் போகும் வேன்களை, பாவப்பட்ட ஜனங்களைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

உண்மையைச் சொல்ல வேண்டும், இடம் அழகுதான். ஒட்டிக்கிடக்கும் இரண்டு ஏரிகள், 61 ஹெக்டேர். வேடந்தாங்கலில் மரத்துக்கு மரம் நாரைக் கூடு; இங்கே ஆழமில்லாத தண்ணீர் என்பதால் வாத்துகளுக்கும் உள்ளான்களுக்கும் கொண்டாட்டம். வடக்கே எங்கிருந்தோ வந்த ஊசிவால் வாத்துகள் பனிமூட்டத்தில் மிதந்துகொண்டிருந்தன.

"மூச்சுகூட மெதுவா விடுங்க." இலைநிறச் சட்டை, இலைநிறத் தொப்பி, ஏன், கைக்குட்டைகூட இலைநிறம், பூனைபோல் அடியெடுத்து வைத்தார். ஆள்காட்டிக் குருவிக்கு அந்தப் பெயரைச் சும்மாவா வைத்தார்கள்? நாலாவது அடியில் எழும்பித் தொண்டை கிழியக் கத்தியது. வாத்துகள் மொத்தமாகக் கிளம்பி மறுகரைக்குப் போய்விட்டன.

மிஞ்சியது சேற்றோரத்தில் ஒற்றை உள்ளான். பசி தாங்காமல் நான் இட்லி டப்பாவைக் கரைமேல் திறந்து வைத்த நேரம் பார்த்து, "உஷ்!" என்று என்னை இழுத்துக் குனிய வைத்தார்.

"பொரி உள்ளான்னா வெள்ளைப் புருவம் கண்ணைத் தாண்டிப் பின்னால போகணும். இதோட பங்காளி ஒண்ணு இருக்கு, அதுக்குக் கண்ணோட நின்னுடும். பாருங்க, தாண்டுதா?"

எனக்குப் புருவமே தெரியவில்லை. அவர் அசையவில்லை. செக்கில் சுழி கொஞ்சம் கோணியிருந்தால் ஆளை எத்தனை நேரம் நிற்க வைத்திருப்பார் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. நாற்பது நிமிடம்.

ஆடு ஓட்டிக்கொண்டு வந்த அம்மா ஒருவர் பின்னால் வந்து நின்றார். "என்னா சார் பாக்குறீங்க?"

"உள்ளாம்மா."

"உள்ளான்னுதான் தெரியுதே. அதுல இன்னும் என்னா பாக்கணும்?"

"எந்த உள்ளான்னு பாக்கணும்மா."

அந்த அம்மா என்னை ஒருமுறை இரக்கத்தோடு பார்த்துவிட்டு ஆடுகளின் பின்னால் போய்விட்டார். சத்தம் கேட்டோ, எங்களைப் பார்த்து அலுத்துப்போயோ, உள்ளானும் பறந்தது, புருவத்தைக் காட்டாமலே.

திரும்பும் வழியில் காரிலேயே கணக்கு முடித்தார். நாமக்கோழி, முக்குளிப்பான், கரண்டிவாயன், அரிவாள் மூக்கன் என்று 31 இனம். அந்த உள்ளானை மட்டும், இனம் உறுதியில்லை என்று குறித்து சஸ்பென்ஸ் கணக்கில் வைத்தார்.

பட்டியலில் காக்கை இல்லை. என் ஆறு இட்லியில் நாலைத் தூக்கிக்கொண்டு போனது அதுதான்.