தீர்த்தமும் டாக்டரும்

கேள்வி: கோயில் தீர்த்தத்தில் கிருமி என்று படம் எடுத்தாரே சத்யஜித் ராய், அவருக்குச் சாமி மேல் அப்படி என்ன கோபம்? (வாசகர், திருவண்ணாமலை)

பதில்: சாமி மேலா, குழாய் மேலா? படத்துக்கு மூலம் நாடகாசிரியர் இப்சன் 1882-இல் எழுதிய நாடகம். அதில் கெட்டது ஊர்க் குளியல் நிலையத்தின் தண்ணீர். ராய் 1989-இல் 'கணசத்ரு' படத்தில் அதைக் கோயில் தீர்த்தமாக்கினார். மஞ்சள்காமாலை பரவுவதைக் கண்டு டாக்டர் தண்ணீரைச் சோதிக்கிறார். குழாயைச் சரிசெய்யும்வரை கோயிலை மூடச் சொல்கிறார். அவர் வாயை அடைப்பவர் அவருடைய சொந்தத் தம்பி. துளசி போட்ட தீர்த்தம் எப்படிக் கெடும் என்கிறார்கள் எதிர்ப்பவர்கள். துளசியின் புனிதம் வேறு, மண்ணுக்கடியில் உடைந்த குழாய் வேறு. பக்தி உள்ளவர்தான் அந்த உடைப்பை முதலில் அடைக்க வேண்டும். வெளியே சொன்னால் கூட்டம் குறையும், பூக்கட்டுகிறவரும் இட்லிக்கடைக்காரரும் என்ன செய்வார்கள் என்பது நியாயமான கவலை. ஆனால் உங்கள் ஊரையே பாருங்கள். பௌர்ணமிக் கிரிவலத்தில் 14 கிலோமீட்டர் வெறுங்காலில் நடப்பவர், தாகத்துக்கு நீட்டிய டம்ளரை யோசிக்காமல் வாங்கிக் குடிக்கிறார். அந்த நம்பிக்கைதான் கடைக்காரரின் முதல். காமாலை சில வாரம் கழித்துத்தான் தெரியும். அதற்குள் குடித்தவர் தம் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். ஆகவே தண்ணீரைச் சோதிக்கச் சொல்பவர் ஊரின் பிழைப்பைக் காப்பவர்.

இப்சன் தன் டாக்டரைக் குடும்பத்தோடு தனியே விட்டார். ராய் விடவில்லை: கடைசிக் காட்சியில் ஜன்னலுக்கு வெளியே டாக்டரை வாழ்த்தி இளைஞர்களின் குரல் கேட்கிறது.