வாலோடு வரும் விருந்தாளிக்கு மலாக்காவில் வாடகை வீடு

மலாக்காவில் வார இறுதிக்கு ஹோம்ஸ்டே தேடும் குடும்பத்திடம் கேட்கப்படும் முதல் கேள்வி, என்ன பிராணி என்பது. பூனை என்றால் பேச்சு உடனே வாடகைக்குப் போய்விடும். நாய் என்றால் எத்தனை கிலோ, குரைக்குமா, எச்சில் ஒழுகுமா, சோபாவில் ஏறுமா என்று விசாரணை நீளும். கடைசிக் கேள்விக்கு உண்மையான பதில் சொன்ன நாய்க்காரர் இன்னும் பிறக்கவில்லை. "கூச்சிங் போலே, அஞ்சிங் தா போலே" என்று ஒரே வரியில் வாட்ஸ்அப்பில் கதையை முடித்துவிடும் வீட்டுக்காரர்களும் உண்டு: பூனை வரலாம், நாய் வேண்டாம். செல்லப்பிராணிகளுக்கு அனுமதி என்ற விளம்பர வரி பெரும்பாலும் பூனையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

இதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. வாடகை வீடுகளைச் சுத்தம் செய்ய வருபவர்களில் மலாய்ப் பெண்கள் அதிகம். மலேசிய முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபி மரபில், நாயின் ஈரம் பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும். அதில் ஒருமுறை மண் கலந்த நீரால். இரு பக்கமும் உலர்ந்திருந்தால் இந்த விதி இல்லை. ஆனால் நாக்கை இரண்டு நாள் வாய்க்குள்ளேயே வைத்திருக்கும் நாய் எந்த ஊரில் இருக்கிறது? நாயைக் கொண்டுவருவதில் தவறில்லை. அதை மறைத்துவிட்டு, துடைக்க வந்த அக்கா கட்டிலுக்கு அடியில் முடியைக் கண்டு திகைக்கும்படி விடுவதுதான் தவறு. முன்கூட்டியே சொன்னால் வீட்டுக்காரர் வேறு ஆளை ஏற்பாடு செய்வார், அல்லது மறுத்துவிடுவார். இரண்டுமே பிறகு வரும் சண்டையைவிட மலிவு.

அடுத்து சட்டம். அடுக்குமாடி வீடுகளுக்கு 2013ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டமும் அதன் கீழ் 2015இல் வந்த விதிமுறைகளும் பொருந்தும். அந்த விதிமுறைகள் நாயைப் பெயர் சொல்லித் தடுக்கவில்லை. மற்ற வீட்டாருக்குத் தொல்லையாகவோ ஆபத்தாகவோ அமையக்கூடிய பிராணியை வைத்திருக்கக் கூடாது என்கின்றன. மீறினால் நிர்வாகம் எழுத்து மூலம் நோட்டீஸ் தர வேண்டும். கிடைத்த மூன்று நாளுக்குள் பிராணியை அகற்ற வேண்டும். வார இறுதிக்கு வந்த நாய்க்கு இதைவிடச் சலுகையான சட்டம் வேறில்லை. நோட்டீஸின் கெடு முடிவதற்குள் அது கிள்ளானுக்குத் திரும்பிப்போய் மதியத் தூக்கத்தில் இருக்கும். நடைமுறையில் நாயைப் பிடிப்பது சட்டமல்ல, கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளி ஜாகாதான். துணிப்பைக்குள் ஷிட்சு நாய்க்குட்டியை மறைத்து லிஃப்ட்டுக்கு நடப்பவரை அவர் நன்றாக அறிவார். பை தும்மும்.

இதற்கு மேல் ஒரு தீர்ப்பும் இருக்கிறது. கோலாலம்பூர் மோண்ட் கியாராவிலுள்ள ஒரு கொண்டோ தொடர்பான வழக்கில், குறுகிய கால வாடகையையே துணைவிதி போட்டுத் தடுக்க நிர்வாகத்துக்கு உரிமை உண்டு என்று கூட்டரசு நீதிமன்றம் 2020இல் சொன்னது. ஆகவே, அங்கேயே குடியிருக்கும் நாய்க்கு இடம் உண்டு, இரண்டு இரவுக்கு வரும் மனிதனுக்குத்தான் இல்லை என்ற நிலையும் ஒரு கொண்டோவில் வரலாம். முன்பணம் கட்டுவதற்கு முன் நாய்க்கும் குறுகிய கால வாடகைக்கும் அனுமதி உண்டா என்று இரண்டையும் கேட்டுக்கொள்வது நல்லது.

கடலைப் பார்த்த அறை வேண்டும் என்பவர்களுக்கு மலாக்கா ராயா, கோத்தா லக்சமானா பக்கம் உயர்ந்த கட்டடங்கள் உண்டு. அவை நிற்கும் நிலமே கடலைத் தூர்த்து எடுத்தது. பதினைந்தாவது மாடியிலிருந்து நீரிணை அழகாகத் தெரியும். நாய்க்குத் தெரிவது பால்கனிக் கம்பி மட்டும். அதற்கு வேண்டிய மணல் கிளேபாங்கில் இருக்கிறது. மாலையில் அங்கே கோக்கனட் ஷேக் குடிக்கப் பல இனக் குடும்பங்கள் கூடும். ஆகவே நாயின் கயிற்றைக் கழற்றக் கூடாது.

2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பழைய நகரப் பகுதியில் தங்க ஆசைப்படுபவர்களும் உண்டு. ஜோங்கர் தெருப் பக்கத்துக் கடைவீடுகள் குறுகலாகவும் மிக நீளமாகவும் இருக்கும். நடுவே வானம் தெரியும் முற்றம், மேலே மரப்பலகைத் தளம், செங்குத்தான படி. நாய் உற்சாகமாக ஏறிவிடும். இறங்கும்போதுதான் தன் கால்களின் எண்ணிக்கை அதற்கு நினைவுக்கு வரும். பிறகு இருபது கிலோவைத் தூக்கி இறக்குவது குடும்பத் தலைவரின் பொறுப்பு. வாசலில் வேறொரு சோதனை. ஹலோ கிட்டி பொம்மைகளால் மூடப்பட்ட திரிஷா ஒன்று முழு ஒலியில் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். பூனையைத் துரத்துவதே தொழிலாகக் கொண்ட நாய், மூன்று சக்கரத்தில் பாடிக்கொண்டு வரும் ராட்சதப் பூனையைப் பார்த்ததும் தொழிலை மறுபரிசீலனை செய்கிறது.

இத்தனைக்கும் பிறகு பெரும்பாலோர் வந்து சேருமிடம் தரை வீடு. ஆயர் குரோ, பத்து பெரண்டாம், செங் பக்கத்துத் தாமான்களில், கேட்டும் முன்வாசலும் உள்ள வரிசை வீடுகள். நாயோடு வருபவர்களுக்கு இதுவே சரியான இடம். முதலிலேயே இங்கே தேடியிருக்கலாம். இவற்றில் சிலவற்றின் சொந்தக்காரர்கள் தமிழர்கள், அதிலும் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். புக்கிட் ஆசஹான் தோட்டத்திலோ கெமுனிங் தோட்டத்திலோ நாய்க்கு யாரும் வாடகை கேட்டதில்லை. விடியற்காலையில் பால் வெட்டப் போகிறவர் பின்னால் நிரை வரைக்கும் நடந்தது, மீந்த சோற்றைத் தின்றது, லயத்துப் படிக்கட்டுக்கு அடியில் படுத்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, குடும்பங்கள் தாமானுக்கு மாறியபோது நாய் வீட்டுக்குள் வந்தது. அந்த வரலாற்றை அறிந்த வீட்டுக்கார அம்மாவிடம் பேசுவது இப்படி இருக்கும்:

"நாய் உள்ள படுக்குமா, வெளிய படுக்குமா தம்பி?"

"உள்ளதான் ஆன்ட்டி. ஏர்கோன் இல்லேன்னா தூங்காது."

"எங்க டைகரு மழையிலகூட வெளியதான் படுத்துச்சு. சரி, கூட்டிட்டு வாங்க. டெபாசிட் மட்டும் தனியா போட்டுருங்க."

பாசத்தோடு கேட்கப்பட்டாலும் டெபாசிட் டெபாசிட்தான்.

நாள் பார்ப்பதும் முக்கியம். ஜோங்கர் இரவுச் சந்தை வெள்ளி முதல் ஞாயிறு வரை நடப்பதால் அந்த இரவுகளில் வாடகை ஏறும். பள்ளி விடுமுறையில் சிங்கப்பூர்க் கார்களும் சேர்ந்துகொள்ளும். மாசி மகத்துக்குப் பொய்யாத விநாயகர் ஆலயத்திலிருந்து முருகனின் ரதம் செங்கிலுள்ள சன்னாசிமலைக்குப் போகும் நாட்களில், செங் பக்கத்து வீடுகளைப் பக்தர்கள் முந்திக்கொள்வார்கள். மேளச் சத்தத்துக்கு மிரளும் நாயை அந்த நாட்களில் அங்கே கூட்டிப்போகாமல் இருப்பது ஊருக்கும் நாய்க்கும் நல்லது.

புறப்படும் காலையில் சோபா, மெத்தை, திரைச்சீலையின் கீழ்விளிம்பு ஆகிய மூன்றையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்ப வேண்டும். வந்த அன்றே நாற்காலிக் காலில் பழைய பல்தடம் இருந்தால் அதற்கும் படம் தேவை. முந்தைய நாயின் கணக்கு அடுத்த நாயின் டெபாசிட்டில் கழிக்கப்படுவது இந்தத் தொழிலில் நடக்காத காரியமல்ல.