பானெட் சத்தம் கேட்டால் வருபவர்

காக்காய்க்குச் சோறு வைத்தால்கூட 'கா கா' என்று கூப்பிட வேண்டும். எங்கள் அடுக்ககத்து சாருக்கு அதுவும் வேண்டாம். கீழே பார்க்கிங்கில் யாராவது பானெட்டைத் திறக்கும் 'டக்' சத்தம் போதும். மூன்றாவது மாடியிலிருந்து வேட்டியை மடித்துக் கட்டியபடி இறங்கிவிடுவார். லிஃப்டுக்குக் காத்திருக்கும் பொறுமை இருக்காது.

அவர் மெக்கானிக் இல்லை. வங்கியில் ஓய்வு பெற்றவர். ஆனால் ஒரு அம்பாசடரை 22 வருஷம் கட்டி மேய்த்தவர். அந்த வண்டியை வைத்திருந்த எல்லோருமே பாதி மெக்கானிக் ஆனவர்கள்தான். ஆகாமல் வீடு போய்ச் சேர முடியாது. 2014 பிப்ரவரியில் மாருதி செலேரியோ கிளட்ச் பெடல் இல்லாமலும் வந்தது. அதே வருஷம் மே மாதம் உத்தர்பாரா ஆலையில் அம்பாசடர் தயாரிப்பு நின்றது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். "ஆட்டோமேட்டிக் வந்துச்சு, அம்பாசடர் போச்சு" என்பார், பக்கத்து வீட்டுக்காரன் போர் போட்டதும் தன் கிணறு வற்றிய கணக்கில்.

நான் வாங்கியது ஒன்பது வயசு ஆட்டோமேட்டிக். மூன்றாம் மாதமே நோவு காட்டியது. சிக்னலில் 'டி'யில் போட்டு பிரேக்கை மிதித்து நின்றால் ஸ்டியரிங் நடுங்கும். 60-ல் போனால் ரோடு முழுக்க யாரோ கொய்யாப்பழத்தைக் கொட்டி வைத்ததுபோல் கடகடவென்று உதறும். ஞாயிற்றுக்கிழமை காலை, ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து, பானெட்டை மெதுவாகத்தான் தூக்கினேன்.

"என்ன தம்பி, கியர்பாக்ஸா?"

"தெரியலை சார். லேசா உதறுது."

"எவ்வளவு ஓடியிருக்கு?"

"62 ஆயிரம்."

"அது மீட்டர் சொல்றது. வண்டி என்ன சொல்லுது?"

இன்ஜினை ஓடவிடச் சொன்னார். தாவாங்கட்டையில் கைவைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். "ரேஸ் குடுங்க... விடுங்க... ம்ம்." நாடி பார்க்கும் வைத்தியர் வீட்டாரைத் தனியாகக் கூப்பிடுவதற்கு முன் போடுகிற 'ம்ம்' அது. பிறகு இன்ஜினை அணைக்கச் சொல்லி, டிப் ஸ்டிக்கை உருவி, சொட்டு எண்ணெயை விரலில் தேய்த்து முகர்ந்தார்.

"பாருங்க, கன்னங்கரேல்னு இருக்கு. ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் செக்கச்செவேல்னு இருக்கணும். கருகிப் போச்சு. ஒண்ணரை லட்சம் எடுத்து வைங்க."

செக்கச்செவேல் என்றது சரிதான். ஆனால் அவர் உருவியது இன்ஜின் ஆயில் குச்சி. அது கறுப்பாகத்தான் இருக்கும். கியர்பாக்ஸுக்கு என் வண்டியில் குச்சியே கிடையாது; லிஃப்டில் ஏற்றிப் பக்கவாட்டு மரையைக் கழற்றித்தான் அளவு பார்க்க வேண்டும். சொன்னேன். "குச்சியே வைக்காம விட்டானா? அப்பவே தெரிய வேணாமா?" என்றார்.

"நியூட்ரல்லயும் லேசா நடுங்குதே சார்?"

"நியூட்ரலும் ஒரு கியர்தானே தம்பி."

இதற்குப் பதில் சொல்ல எனக்குப் படிப்பு போதாது.

மறுநாள் போன ஒர்க்‌ஷாப்பில் இருபத்தைந்து வயதுப் பையன். காதைத் தீட்டவில்லை, கண்ணை மூடவில்லை. ஸ்டியரிங்குக்கு அடியில் ஸ்கேனரைச் சொருகினான். பி0303 என்று வந்தது. "மூணாவது சிலிண்டர் மிஸ்ஸிங் அண்ணே." அந்தச் சிலிண்டரின் இக்னிஷன் காயிலைக் கழற்றி ஒன்றாவதில் மாட்டி, அங்கிருந்ததை இங்கே போட்டு, பிழைக் குறியீட்டை அழித்து ஒரு சுற்று ஓட்டிவந்தான். இப்போது பி0301. காயில் போன இடத்துக்கெல்லாம் நோவும் கூடவே போயிருக்கிறது. புதுக் காயில் இரண்டாயிரத்துச் சொச்சம். நடுக்கம் நின்றது.

"அப்ப ஏன் டி-ல போட்டா அதிகமா உதறுச்சு?"

"டி-ல நின்னா டார்க் கன்வெர்ட்டர் இன்ஜினை இழுத்துப் பிடிக்கும்ணே. மூணு காலு மாட்டை வண்டியில பூட்டினாத்தான் நொண்டறது தெரியும். 60-ல லாக்-அப் விழுந்துட்டா நடுவுல எண்ணெய் மெத்தை கிடையாது, அடி நேரா உடம்புக்கு வரும். கியர்பாக்ஸ் நோவு வேற. டி போட்டு ரெண்டு செகண்டு கழிச்சு கியர் விழும், ஆர்.பி.எம். ஏறும் வண்டி ஏறாது."

ஒன்றரை லட்சத்தை மிச்சம் பிடித்த மிதப்பில் வீடு திரும்பினால், கேட்டிலேயே நின்றிருந்தார். காயில் என்றேன்.

"இப்போதைக்கு அடங்கியிருக்கும். கியர்பாக்ஸ் வியாதி முதல்ல காயிலைத்தான் தின்னும். தள்ளுங்க, ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தா சொல்லிடறேன்."

மறுக்க வாய் வரவில்லை. ஏறி உட்கார்ந்தார். டி போட்டார். வண்டி வெண்ணெய்போல் நகர்ந்தது. தெருமுனை வந்தது, வேகம் 20. இத்தனை வருஷப் பழக்கத்தில் இரண்டாவது கியர் போடக் கை குறுக்கே போயிற்று, இடதுகால் கிளட்ச்சைத் தேடிப் போய் அகலமாக இருந்த ஒரே பெடலை முழுசாக மிதித்தது.

இருவர் நெற்றியும் கண்ணாடிக்கு அரை அடியில் நின்றன. பின்னால் ஒரு ஆட்டோக்காரர் எங்கள் பரம்பரையை விசாரித்தார். சார் மட்டும் கலங்கவில்லை. மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா... ஜெர்க்!"